என்னை உதாரணமாகச் சொல்லாதே, பிரபு

அன்புள்ள பிரபு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. கூடத்துக்கும் சமையலறைக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருந்தேன். "இன்னாத்துக்கு இப்டி அலையற, உக்காரு" என்றார் உன் நைனா. உட்கார்ந்தால் உன் குரல்தான் கேட்டது. "யாரக் கேட்டு அவள அந்த டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனம்மா? என் பொண்டாட்டி இன்னா பைத்தியமா?" என்று கத்தினாய். வீடியோ காலில் நிவேதாவுக்குப் பின்னால் அலமாரியில் கிடந்த மாத்திரை அட்டையைப் பார்த்து, அதன் பெயரைச் செல்லில் தட்டித் தெரிந்துகொண்டு, ஓசூரில் இருந்தபடியே எங்கள் மூன்று பேரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டாய். நிவேதா குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நான் பேச வாயெடுத்தபோது நீ வைத்துவிட்டாய்.

போனில் பேசியிருந்தாலும் எனக்கு ஒழுங்காகச் சொல்ல வந்திருக்காது. எழுதத்தான் வரும். இருபத்திரண்டு வருஷமாகச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே, பத்திர எழுத்தரிடம் உட்கார்ந்து மற்றவர்களுக்காக எழுதிக்கொண்டிருக்கிறேன். பாகப்பிரிவினை, தானசெட்டில்மெண்ட், உயில் என்று எத்தனையோ குடும்பங்களின் விஷயத்தை இந்தக் கை எழுதியிருக்கிறது. என் விஷயத்தை ஒரு வரி எழுதியதில்லை. இன்று அஷ்டமி. பத்திரம் பதிய ஒருவரும் வரமாட்டார்கள். நாளை நவமி, நாளையும் வரமாட்டார்கள். இந்த இரண்டு நாளில் இதை எழுதி முடித்துவிட வேண்டும். முடிப்பதற்குள் நாலு தடவை எழுந்து வீட்டுக்குப் போன் பண்ணுவேன் என்றும் தெரியும். அதனால் கோர்வையாக இருக்காது. பொறுத்துக்கொள்.

முதலில் என் தப்பு. டாக்டரிடம் போனதை உன்னிடம் பதினெட்டு நாள் மறைத்தேன். "சும்மா செக்கப்" என்று சொன்னேன். நீ தடுத்துவிடுவாயோ என்ற பயம்தான் காரணம். உன் மனைவியின் உடம்பைப் பற்றி உன்னிடம் மறைத்தது தப்புதான், அதற்கு என்னைத் திட்டு. ஆனால் அழைத்துக்கொண்டு போனதற்காக ஒரு வார்த்தை கேட்காதே. அதற்கு நான் மன்னிப்புக் கேட்கமாட்டேன்.

நிவேதா உன்னிடம் நாலு தடவை சொல்லியிருக்கிறாள். எனக்கு முன்னாலேயே உன்னிடம்தான் சொல்லியிருக்கிறாள். "எனக்கு ஒண்ணும் புடிக்கல, பயமா இருக்குது, பாப்பாவப் பாத்தா ஒண்ணும் தோணல" என்று அவள் அழுதபோது நீ என்ன பதில் சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்கிறதா? அவளுக்கு ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. "எங்க அம்மாவப் பாரு. என்னப் பெத்து, வூட்டையும் பாத்து, அப்புறம் வேலைக்கும் போனாங்க. ஒரு நாள் மூஞ்சி சுளிச்சதில்ல. நீ ஒண்ணே ஒண்ணு பெத்துட்டு இந்த டென்ஷன் பண்றியே" என்றாயாம். அவள் அதை என்னிடம் சொன்னபோது எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. பிரபு, இனிமேல் யாரிடமும் என்னை உதாரணமாகச் சொல்லாதே. நீ சொல்லுகிற அந்த அம்மா யாரென்றே எனக்குத் தெரியாது.

ஒரு நிமிஷம். போன் பண்ணிவிட்டு வருகிறேன்.

நிவேதாதான் எடுத்தாள். பாப்பா தூங்குகிறதாம். அவளும் படுக்கப் போகிறேன் என்றாள்.

குழந்தை பிறந்த முதல் வாரங்களில் நான் எப்படி நடந்துகொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நிவேதாவுக்கு அம்மா இல்லை; ஒன்பதாம் வகுப்புப் படிக்கும்போதே போய்விட்டாள். அவலூர்பேட்டையில் அவள் அப்பா ஒருவர்தான், அவரும் கடையைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சமைத்துச் சாப்பிடுகிறவர். அதனால் பிரசவத்துக்குப் பிறகு இங்கேயே இருக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பெருமையாகச் சொல்லிக் கூட்டி வந்தேன். பத்தியச் சாப்பாடு, எண்ணெய்க் குளியல், சாம்பிராணி எல்லாம் சரியாகச் செய்தேன். அவளைத்தான் பார்க்கவில்லை. ஆபரேஷன் புண் ஆறுகிறதா என்று பார்த்த எனக்கு, அவள் தலை வாரி எத்தனை நாள் ஆயிற்று என்பது கண்ணில் படவில்லை. குழந்தை தூங்கும்போதும் அவள் தூங்கவில்லை. மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்ப்பாள். நாலடி போய்விட்டுத் திரும்பி வந்து மறுபடி பார்ப்பாள். வேறு சமயம் குழந்தை தொண்டை கிழிய அழும். பக்கத்திலேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பிடித்தமான மீன்குழம்பை வைத்தால் இரண்டு வாயோடு தட்டைத் தள்ளிவிடுவாள். காரணமில்லாமல் அழுவாள், காரணம் கேட்டால் "தெரியல அத்த" என்பாள்.

முதல் பத்து நாள் அப்படி அழுகை வருவது நிறைய பேருக்கு உண்டு, தானாகவே அடங்கிவிடும் என்று பிறகு டாக்டர் சொன்னார். இது அடங்கவில்லை. ஆறாவது வாரம், ஏழாவது வாரம் என்று கூடிக்கொண்டே போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒருநாள் காலை வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், "நாங்கள்லாம் புள்ள பெக்கலயா நிவேதா? எழுந்து மூஞ்சியக் கழுவு, எல்லாம் சரியாப் பூடும்" என்று சொன்னேன். சொன்ன வார்த்தை வாயைவிட்டுப் போன அந்த நிமிஷமே எனக்குத் தெரிந்தது. அது என் வார்த்தை இல்லை. ஒரு காலத்தில் என்னிடம் சொல்லப்பட்ட வார்த்தை. ஆனால் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டேன். அதற்கு ஐந்தாம் நாள்தான் அந்தத் தாளைப் பார்த்தேன்.

மூக்குக் கண்ணாடியை வீட்டிலேயே மறந்துவிட்டேன். மதியம் சாப்பாட்டு நேரத்தில் அதை எடுக்க வந்தேன். உன் நைனா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். வீடு துடைத்து வைத்ததுபோல இருந்தது. குழந்தையின் துணிகள் எல்லாம் மடித்து, சின்னது பெரியது பார்த்து, கட்டில் மேல் வரிசையாக அடுக்கியிருந்தன. நிவேதா தலை குளித்திருந்தாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு முகத்தில் ஓர் அமைதி. அதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன், பிரபு. சரியாகிவிட்டாள் என்று நினைத்தேன். கண்ணாடியை எடுக்கப் போனபோது அதன் பக்கத்தில், டி.வி. மேல், ஒரு நோட்டுத் தாள் மடித்து வைத்திருந்தது.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பால். பவுடர் பால் என்றால் டப்பா மேல் தட்டில் இருக்கு. தடுப்பூசி அட்டை பீரோவில், அடுத்த ஊசி பத்தாவது வாரம். இடது பக்கம் சாய்த்துத் தோளில் போட்டால் சீக்கிரம் தூங்குவாள். மஞ்சள் சட்டை அவள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, போட வேண்டாம். காய்ச்சல் வந்தால் உடனே காட்டணும், நாட்டு மருந்து வேண்டாம். வளர்ந்த பிறகு அவளை யாரும் திட்ட வேண்டாம்."

அவ்வளவுதான் இருந்தது. வேறு யாராவது படித்திருந்தால், பொறுப்பான பெண், எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறாள் என்று மெச்சியிருப்பார்கள். நான் உயில் எழுதுகிறவள். உயில் எழுத வருகிறவர்கள் இப்படித்தான் சொல்வார்கள். தான் இல்லாத வீட்டை ஒவ்வோர் அறையாக நினைத்துப் பார்த்து, யார் எதைச் செய்ய வேண்டும் என்று சொல்வார்கள்.

தாளோடு போய் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. சுற்றி வளைத்துக் கேட்டால் அவள் நழுவிவிடுவாள் என்று மட்டும் தோன்றியது.

"நிவேதா, சாவணும்னு தோணுதா கண்ணு?"

அவள் அழவில்லை. "நான் இல்லன்னா பாப்பாவுக்கு நல்லது அத்த" என்றாள். "அது அழுவுறது எனக்குக் கேக்குது. என் கை எழுந்திரிக்க மாட்டேங்குது. இது கூட முடியாதவ அதுக்கு எதுக்கு? நீங்க நல்லா வளப்பீங்க. அவர நல்லா வளத்தீங்க இல்ல."

அவர் என்று அவள் சொன்னது உன்னைத்தான். அந்த இடத்தில்தான் நான் உடைந்தேன். இருபத்தெட்டு வருஷமாக வீட்டில் யாரிடமும் சொல்லாததை அவளிடம் சொன்னேன். உனக்கும் சொல்கிறேன். படிப்பதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்: இது உன்னைப் பற்றியதில்லை. எனக்கு வந்த நோயைப் பற்றியது.

சீயமங்கலத்தில் என் அம்மா வீட்டில் நீ பிறந்தாய். இரண்டாம் மாதம் முடிந்ததும் செஞ்சிக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். உன் நைனா அப்போது சேத்துப்பட்டு ரூட்டில் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். விடியும் முன் போனால் வீடு அடங்கிய பிறகுதான் வருவார். எல்லோரும் நீ என் ஜாடை என்றார்கள். நான் உன்னைப் பார்ப்பேன், எனக்கு எதுவுமே தோன்றாது. யாரோ தங்கள் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போனதுபோல இருக்கும். பால் கொடுப்பேன், துடைப்பேன், தூளியில் போடுவேன். உள்ளே மட்டும் ஒரு பரபரப்பு ஓடிக்கொண்டே இருக்கும். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் எங்கேயாவது போகத் தோன்றும். அரிவாள்மனையைப் பார்த்தால் கண்ணுக்கு முன் என்னென்னவோ படம் ஓடும். அதைத் தூக்கிக்கொண்டுபோய் விறகுக் கட்டுக்குப் பின்னால் மறைத்து வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் காய் அரிந்து தரச் சொல்லிக் கெஞ்சினேன். அப்படி வேண்டாத எண்ணம் வந்து பயமுறுத்துவதும் இந்த நோயில் நிறைய பேருக்கு வரும், உடனே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும் என்று இப்போது தெரியும். அப்போது நான் ராட்சசி என்று நினைத்தேன். என் மாமியார், உன் ஆயா, காத்து கருப்பு என்று சொல்லிக் கயிறு கட்டிவிட்டார். உன் நைனாவிடம் ஒருநாள் சொல்லப் பார்த்தேன். "உனக்கு இன்னா கொறை?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். உனக்குப் பால் கொடுத்துத் தூளியில் போட்டுவிட்டு, கடைக்குப் போய் வருகிறேன் என்று ஆயாவிடம் சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். திருவண்ணாமலை பஸ்ஸில் ஏறி, கோட்டையில் இறங்கினேன். ராஜகிரி மலையடியில் இருக்கும் குளத்தங்கரையில் போய் உட்கார்ந்தேன். என்ன நினைத்து அங்கே போனேன் என்று விளக்கமாக எழுதப் போவதில்லை. திரும்பி வரும் எண்ணம் இல்லை என்பது மட்டும் உனக்குப் போதும்.

எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. கோட்டையில் புல் அறுத்துச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்த ஒரு பெண் அந்தப் பக்கம் வந்தாள். அஞ்சலை என்று பெயர், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். என் ரவிக்கை முழுவதும் பால் ஊறி நனைந்திருந்தது. எனக்கே அது தெரியவில்லை, அவள் பார்த்துவிட்டாள்.

"கொழந்தைக்கு எத்தினி மாசம்?"

"ரெண்டரை."

"எங்க இருக்குது?"

"வூட்ல."

"நீ ஏம்மா இங்க இருக்கற?"

அப்போது பெயர்கூடத் தெரியாத அவளிடம், "எனக்கு அவனப் பாத்தா ஒண்ணுமே தோணலக்கா" என்று சொன்னேன். அடிப்பாவி என்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் அரிவாளைத் தூரமாக வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எனக்கு ரெண்டாவது புள்ளைக்கு அப்டித்தான் இருந்துச்சி" என்றாள். "ஒரு வருசம். ஆறு மாசம் எங்க அம்மா என்னத் தனியா வுடல. அதான் இருக்கறன். எழுந்திரு, மொதல்ல கஞ்சி குடி." தூக்குப் போணியில் கொண்டுவந்திருந்த கஞ்சியைப் பாதிக்கு மேல் எனக்கு ஊற்றினாள். நான் குடித்து முடிக்கும் வரை எதுவும் கேட்கவில்லை. பிறகு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு என்னோடு பஸ் ஏறி வீடு வரை வந்தாள். நீ கத்திக் கத்தி நீலம் பாய்ந்துபோய் ஆயாவின் கையில் இருந்தாய். "மயக்கம் போட்டு வுழுந்து கெடந்துச்சி, நான்தான் இட்டாந்தேன்" என்று அஞ்சலை வாய் கூசாமல் பொய் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து மறுபடி வந்தாள். "கொழந்தையக் குடு, நீ போய்ப் படு" என்றாள். அதற்கடுத்த நாளும் வந்தாள். ஐந்து மாதம் வந்தாள், பிரபு. உன்னைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடப்பாள், நான் தூங்குவேன். எழுந்தால் பக்கத்தில் உட்காரவைத்து, "இன்னிக்கு எப்டி இருக்குது?" என்று கேட்பாள். நன்றாக இல்லை என்று அவளிடம் மட்டும்தான் என்னால் சொல்ல முடிந்தது. அப்போது என்னை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தெரியாது. அதனால் சரியாக எட்டு மாதத்துக்கு மேல் ஆனது. ஒரு நாள் கோட்டைக் குரங்கு ஒன்று மாடிக்கு வந்து வடாம் காய்ந்த தட்டை இழுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டது. நீ அதைப் பார்த்துச் சிரித்தாய். உன்னைப் பார்த்து நானும் சிரித்தேன். சிரிக்க வேண்டுமே என்று சிரிக்கவில்லை, தானாக வந்தது. அன்றைக்கு உனக்குப் பதினோரு மாதம். உன் அம்மாவாக நான் வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான்.

அஞ்சலை இறந்து ஆறு வருஷம் ஆகிறது. அவளைப் பற்றி உன்னிடம் ஒருமுறைகூடச் சொல்லாமல் இருந்துவிட்டேன். வெட்கம்தான். அந்த வெட்கத்தை மூடி வைக்கப் போய்த்தான் நீ சொல்லுகிற அந்த மூஞ்சி சுளிக்காத அம்மா உருவானாள். அவளைக் கொண்டுவந்து நிவேதாவின் முன்னால் நிறுத்தினாய். தவறு பாதி உன்னுடையது, பாதி என்னுடையது.

வீட்டுக்குப் போய்விட்டு வந்து தொடர்கிறேன். மனசு இங்கே இல்லை.

இன்று நவமி. நேற்று போனதில் காரியம் ஒன்றும் இல்லை. அவள் குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து, "மறுபடியும் வந்துட்டீங்களா?" என்று சிரித்தாள்.

அந்தத் தாளைப் பார்த்த அன்று நான் அலுவலகத்துக்குத் திரும்பிப் போகவில்லை. நான் சொல்லிக்கொண்டிருந்தபோதே உன் நைனா ரேஷன் பையோடு வந்து கதவருகில் நின்றுவிட்டிருக்கிறார். கவனிக்கவில்லை. குளத்தங்கரை வரைக்கும் சொன்ன பிறகுதான் நிமிர்ந்து பார்த்தேன். "எனக்குத் தெரியாமப் பூட்சே" என்றார். பையை இறக்கி வைக்கக்கூட இல்லை. "நான் அன்னிக்கி உன்ன இன்னா கேட்டேன்?" என்றார். "உனக்கு இன்னா கொறைன்னு கேட்டீங்க" என்றேன். பையோடு அப்படியே திரும்பிப் போய் ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்தார். நேராகப் போய், பாப்பாவுக்குத் தடுப்பூசி போடும் நர்சம்மாவைப் பார்த்தோம். அவர் ஆஸ்பத்திரிக்குச் சொல்லி, அவர்கள் விழுப்புரத்தில் இருக்கும் மனநல டாக்டரிடம் அன்றே அனுப்பினார்கள்.

நிவேதாவைவிட நாலைந்து வயது பெரியவராக இருக்கும் அந்த டாக்டரம்மா. எங்களை வெளியே உட்காரவைத்து அவளோடு முக்கால் மணி நேரம் தனியாகப் பேசினார். பிறகு எங்களை அழைத்து, "இது குழந்தை பிறந்த பிறகு வர்ற மனச்சோர்வு நோய். பைத்தியம் இல்ல, சோம்பேறித்தனம் இல்ல, பாசம் இல்லாம இல்ல. நிறைய பேருக்கு வருது, குணமாகுது" என்றார். ரத்தம் எடுத்துத் தைராய்டும் ரத்தசோகையும் பார்த்தார்கள். மாத்திரை கொடுத்தார். பால் கொடுக்கிறாளே என்று நான் கேட்டேன். அதற்கு ஏற்றதுதான், குழந்தையை நாங்களும் கவனிப்போம் என்றார். நம்பாமல் இன்னொரு தடவை கேட்டேன், மறுபடியும் பொறுமையாகச் சொன்னார். வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், நன்றாக இருக்கிறதே என்று நாமாக நிறுத்தக் கூடாது, அதுவரை ஒரு நிமிஷமும் தனியாக விடக் கூடாது, அந்த எண்ணம் கூடினால் நேரம் பார்க்காமல் கூட்டி வந்துவிட வேண்டும் என்றார். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகக் கேட்டுவிட்டேன், தப்பா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். "கேட்டா அந்த எண்ணம் வந்துடாதும்மா. நீங்க கேட்டதாலதான் இவங்க இங்க இருக்காங்க" என்றார்.

மாத்திரை போட்ட மறுநாளே எல்லாம் மாறிவிடவில்லை. முதல் வாரம் அவளுக்குக் குமட்டல், எரிச்சல். ஒருநாள் மாத்திரை வேண்டாம் என்று தட்டைத் தூக்கி எறிந்தாள். நான் அரை மாதம் லீவு போட்டேன். பிறகு பகலில் உன் நைனா, மற்ற நேரம் நான். வாழ்நாளில் ஒரு டம்ளர் கழுவாத மனுஷன் குழந்தையின் மூத்திரத் துணியைத் துவைத்துக் காயப்போடுகிறார். தெருவில் பார்க்கிறார்களே என்று கேட்டால், "பாத்தா பாக்கட்டும்" என்கிறார். காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்கச் சொல்கிறோம். அவள் அப்பா வாரம் இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு அவலூர்பேட்டையிலிருந்து வந்து பக்கத்தில் உட்காருகிறார். பேசத் தெரியாத மனிதர், ஆனால் அவர் வந்த நாளில் அவள் ஒரு கவளம் கூடுதலாகச் சாப்பிடுகிறாள். வெயில் இறங்கினதும் நானும் அவளும் கடைத்தெரு வரை நடந்துவிட்டு வருகிறோம். "இன்னிக்கு எப்டி இருக்குது?" என்று தினமும் கேட்கிறேன். "நல்லா இல்ல" என்று சொன்னால், ஏன் என்று கேட்காமல், "சரி" என்று சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன். எனக்கு அது சுலபமாக வரவில்லை. உடனே ஏதாவது செய்து சரிப்படுத்திவிட வேண்டும் என்று கை பரபரக்கிறது.

மூன்றாவது வாரம், போன வியாழக்கிழமை, அவள் என்னோடு சண்டை போட்டாள். குழந்தையின் குளியல் தண்ணீர் சூடு அதிகம், நான் சொன்னால் கேட்க மாட்டீர்களா என்று கத்தினாள். நான் வாளியோடு நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன். தன் குழந்தைக்கு இது வேண்டும், இது வேண்டாம் என்று அவள் பேசி எத்தனை நாள் ஆயிற்று! அன்றைக்குத்தான் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மூன்று நாள் கழித்து, ஞாயிற்றுக்கிழமை, நீ போன் பண்ணிக் கத்தினாய். அன்று முழுக்க அவள் எழுந்திருக்கவில்லை. இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. அவ்வளவு மெல்லிய இடத்தில் அவள் நிற்கிறாள் என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காக.

நீயும் பயந்துதான் கத்தினாய் என்று எனக்குத் தெரியும். ஊர் என்ன சொல்லும் என்று கேட்டாய். பிரபு, ஊருக்குப் பயந்து நான் எட்டு மாதம் இருட்டில் கிடந்தேன். அஞ்சலை அந்தப் பக்கம் புல் அறுக்க வராமல் இருந்திருந்தால் நீ தாயில்லாப் பிள்ளையாக வளர்ந்திருப்பாய். வீட்டுக்கு வீடு அஞ்சலை வந்து நிற்பாள் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? அதற்காகத்தான் டாக்டர் இருக்கிறார், மாத்திரை இருக்கிறது, நாம் இருக்கிறோம்.

இந்தக் கடிதத்தை உனக்கு அனுப்பும் முன் நிவேதாவிடம் படிக்கக் கொடுத்தேன். அவள் விஷயம் இதில் இருக்கிறது, அவள் சம்மதம் வேண்டும். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தாள். இதை உன் சிநேகிதர்கள் படித்தாலும் சரி, ஊரே படித்தாலும் சரி என்றாள். ஊர் படிப்பதானால் பெயரை மாற்றட்டுமா என்று கேட்டதற்கு வேண்டாம் என்று தலையசைத்தாள். ஓரிடத்தில் மட்டும் விரலை வைத்தாள். கடைசிப் பக்கத்தில், "இப்போது சரியாகிவிட்டாள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன்.

"இத அடிச்சிடுங்க அத்த. சரியாயிட்டேன்னு எழுதினா அவரு நிம்மதியா அங்கயே இருந்துடுவாரு. சரியாயிட்டு இருக்கேன். அப்டி எழுதுங்க."

அடித்துவிட்டேன். சரியாகிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போக வேண்டும். இந்தத் தடவை அவளோடு உள்ளே போகப் போவது நான் இல்லை, நீ. சனிக்கிழமை காலை பஸ் ஏறு. இரண்டு நாள் லீவில் வராதே, குறைந்தது பத்து நாள் கேட்டு வாங்கிக்கொண்டு வா. வந்ததும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொஞ்சாதே; முதலில் அவளிடம் போ.

தாள்களை மடித்து என்னிடம் திருப்பிக் கொடுக்கும்போது அவள் ஒன்று கேட்டாள். "அவரு வந்தா நான் பேசணும் அத்த. நடுவுல எதுவும் சொல்லாம, முழுசா கேப்பாரா?"

கேப்பான் என்று சொல்லிவிட்டேன், பிரபு. உன்னைக் கேட்காமலே, உனக்காக நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். வா.

உன் அம்மா